பொம்மை ரயில்களின் கதை – 9: மார்க்ஸ் ரயில் ஏன் நின்றது?

சென்ற வாரம் லயனல் கம்பெனியின் வண்ணக் கேட்லாக்கில் நின்றிருந்தோம். அமெரிக்கப் பையன்கள் பக்கம் பக்கமாக மனப்பாடம் செய்த கேட்லாக் அது. அதில் பார்த்ததையெல்லாம் வீட்டுக்குக் கொண்டுவரக் கொடுத்துவைத்தவர்கள் மிகக் குறைவு. பெரிய லயனல் செட் ஒன்றை வாங்க ஆலைத் தொழிலாளி ஒருவர் தன் வாரக் கூலியை அப்படியே எடுத்துவைக்க வேண்டியிருந்தது. அப்படியானால் சுரங்கத் தொழிலாளி வீட்டிலும், மளிகைக் கடைக் கணக்குப்பிள்ளை வீட்டிலும் கிறிஸ்துமஸ் மரத்தடியில் வட்டமடித்த ரயில் யாருடையது?

பெரும்பாலும் மார்க்ஸ் ரயில். லயனலை வாங்க முடியாத கோடிக்கணக்கான வீடுகளுக்காகவே செய்த ரயில். நாற்பது ஆண்டுகள் ஓடிவிட்டு 1970-களின் நடுவில் அது நின்றுபோனது. அது நின்ற காரணத்தைக் கேட்டால் எல்லோரும் கைவசம் வைத்திருக்கும் பதில் ஒன்று உண்டு: “மலிவுச் சரக்கு, அதனால் போய்விட்டது.” அந்தப் பதிலை என்னால் ஏற்க முடியவில்லை. மார்க்ஸ் ரயில் மலிவாக இருந்ததால்தான் வாழ்ந்தது. அந்த மலிவைத் தாங்கிப் பிடித்த தூண்கள் ஒவ்வொன்றாக உருவப்பட்டபோதுதான் சரிந்தது. அந்தத் தூண்கள் எவை என்பதுதான் இந்த வாரக் கதை.

மார்க்ஸ் என்றதும் நமக்கு வேறொருவர் நினைவுக்கு வருவார். இவர் லூயிஸ் மார்க்ஸ், பொம்மை வியாபாரி. 1896-ல் நியூயார்க்கின் புரூக்ளினில், ஜெர்மனியிலிருந்து வந்து குடியேறிய யூதக் குடும்பத்தில் பிறந்தவர். பதினாறு வயதை ஒட்டி, சாவி கொடுத்தால் ஓடும் தகரப் பொம்மைகளுக்குப் பேர்போன ஃபெர்டினாண்ட் ஸ்ட்ராஸ் என்பவரிடம் வேலைக்குச் சேர்ந்தார். இருபது வயதுக்குள் ஆலையையே நடத்துமளவு வளர்ந்தார். முதலாளியோடு கருத்து மோதி வெளியேறினார். ராணுவத்துக்குப் போய் சார்ஜென்ட்டாகத் திரும்பினார். 1919-ல் தம்பி டேவிட்டோடு சேர்ந்து சொந்தக் கம்பெனி தொடங்கினார். கையில் ஆலை கிடையாது. ஒரு பொம்மையை எப்படிச் செய்தால் சில காசு மிச்சமாகும் என்று கணக்குப் போட்டு, அதை வேறொருவர் ஆலையில் செய்யவைத்து, கடைகளுக்கு விற்பதுதான் தொழில்.

பிறகு ஸ்ட்ராஸ் நொடித்துப்போனார். அவரிடமிருந்து சில பொம்மைகளின் டைகளை மார்க்ஸ் வாங்கினார். பிரஸ்ஸில் மாட்டித் தகரத்தை வெட்டி வளைக்கும் எஃகு அச்சைத்தான் பட்டறைகளில் டை என்கிறோம். அவற்றில் ஒன்று, கயிற்றில் ஏறும் ‘ஸிப்போ’ குரங்கு. சந்தையில் பழசாகிவிட்டது என்று எல்லோரும் கைவிட்ட பொம்மை. மார்க்ஸ் அதற்குப் புது வண்ணம் பூசி, விலையைக் குறைத்து, எண்பது லட்சத்துக்கு மேல் விற்றார். அவருடைய பின்னாள் வாழ்க்கை முழுவதும் இந்த ஒரு பாடத்தின் விரிவுதான். விலை ஏற்கெனவே கழிந்துவிட்ட டை ஒன்று கையில் இருந்தால், தகரத்துக்கும் கூலிக்கும் மட்டும் செலவிட்டால் போதும். அதற்கு மேல் வருவதெல்லாம் லாபம்.

ரயிலுக்கு அவர் வந்த வழியும் இதேதான். பென்சில்வேனியா மாநிலத்தில், ஈரி ஏரிக்குப் பக்கத்தில், ஜிரார்டு என்றொரு சிற்றூர். அங்கிருந்த ஜிரார்டு மாடல் ஒர்க்ஸ் 1920-களின் இறுதியில் ‘ஜாய் லைன்’ என்ற பெயரில் கையடக்கத் தகர ரயில்களைச் செய்தது. மார்க்ஸ் அவற்றைக் கமிஷனுக்கு விற்றுக்கொடுத்தார். பொருளாதாரப் பெருமந்தம் ஜிரார்டு கம்பெனியைக் கடனில் மூழ்கடித்தது. 1930-களின் நடுவில் ஆலை மார்க்ஸின் கைக்கு வந்தது. ஊரே வேலையில்லாமல் தவித்த நாளில், சில டாலருக்கு ஒரு ரயில் செட் என்று அவர் சந்தையில் இறங்கினார்.

1934-ல் யூனியன் பசிபிக் ரயில்வே, எம்-10000 என்ற வழுவழுப்பான புது மாதிரி ரயிலை நாடெங்கும் ஓட்டிக் காட்டியது. பார்க்கக் கூட்டம் கூடியது. அந்தப் பரபரப்பின் சூடு ஆறுவதற்குள் மார்க்ஸின் தகர எம்-10000 கடைக்கு வந்துவிட்டது. அடுத்து, நியூயார்க் சென்ட்ரல் ரயில்வேயின் ‘கமடோர் வாண்டர்பில்ட்’ நீராவி என்ஜினின் பொம்மை வடிவம். அதன் பின்னால் இழுபட்டவைதான் ஆறங்குலப் பெட்டிகள். நான்கு சக்கரம், ஆறு அங்குல நீளம். மார்க்ஸ் ரயிலை அறிந்தவர்கள் இன்றும் ‘சிக்ஸ் இன்ச்’ என்றுதான் சொல்வார்கள். 1930-களில் அடித்த அந்த அளவில் 1970-களின் தொடக்கம்வரை பெட்டிகள் வந்துகொண்டிருந்தன.

இந்தப் பெட்டி எப்படிப் பிறக்கிறது என்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். மார்க்ஸின் முழுத் திறமையும் இங்கேதான் இருக்கிறது.

முதலில் தட்டையான தகரத் தகடு. அதன்மேல் லித்தோ முறையில் ஒவ்வொரு வண்ணமாக அச்சடிப்பார்கள். அடுப்பில் காய வைப்பார்கள். பெட்டியின் கதவு, ஜன்னல், ஏணி, பலகையின் வரிகள், வரிசையாக இறங்கும் ஆணித் தலைகள், ரயில்வேயின் பெயர், எண், நிழல்கூட எல்லாமே அச்சிலேயே வந்துவிடும். பிறகு பிரஸ்ஸில் வெட்டி வளைப்பார்கள். ஒரு துண்டின் ஓரத்தில் சிறு நாக்குகள். மறு துண்டில் அவை நுழையும் கீறல்கள். நாக்கை நுழைத்து மடக்கினால் பெட்டி தயார். திருகாணி இல்லை, பற்றவைப்பு இல்லை, கையால் வண்ணம் பூசும் வேலை இல்லை. லயனல் தன் பெட்டியில் ஆணித் தலையை வார்த்து எடுத்தது. மார்க்ஸ் அதை வரைந்துவைத்தது. மூன்றடி தள்ளிப் படுத்துக்கொண்டு ரயில் ஓடுவதைப் பார்க்கும் குழந்தையின் கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். அச்சுப் பலகையை மாற்றினால் அதே பெட்டி வேறொரு ரயில்வேயின் பெட்டி. டை மாறுவதில்லை. ஒரே டையிலிருந்து எத்தனையோ ரயில்வேக்களின் பெட்டிகள்.

என்ஜினிலும் அதே சிக்கனம். ஏறக்குறைய ஒரே அமைப்பிலான மோட்டார், பல உடல்களுக்குள் மாறி மாறிப் புகும். அதே உடலுக்குள் சாவி முடுக்கும் சுருள்வில்லை வைத்தால், மின்சாரம் வராத பண்ணை வீட்டுக்கான ரயில். தண்டவாளமோ லயனல் வைத்திருந்த அதே அளவு: ஒன்றேகால் அங்குல அகலம், நடுவில் மின்சாரத்துக்கு மூன்றாவது கம்பி. பக்கத்து வீட்டுப் பையனின் லயனல் தண்டவாளத்தில் மார்க்ஸ் ரயிலும் ஓடும். இதில் வணிகத் தந்திரம் உண்டு, எனக்கு மறுப்பில்லை. ஆனாலும், இல்லாதவன் வீட்டுப் பிள்ளை தன் ரயிலைக் கையில் எடுத்துக்கொண்டு இருப்பவன் வீட்டுத் தண்டவாளத்தில் வைத்து ஓட்ட முடிந்தது என்பதை நினைத்தால் எனக்கு அந்த மனிதர்மேல் மரியாதை வருகிறது.

ஒரு பொம்மைக்கு வேண்டியவை என்று மார்க்ஸ் ஆறு குணங்களைச் சொல்வார்: பார்த்துப் பழகிய தோற்றம், வியப்பு, விளையாடத் தேவைப்படும் திறமை, திரும்பத் திரும்ப ஆடவைக்கும் ஈர்ப்பு, சட்டென்று புரிவது, உறுதி. மலிவு அந்தப் பட்டியலில் இல்லை. ஆறையும் குறைந்த விலையில் தருவது தன் வேலை என்று அவர் எடுத்துக்கொண்டார். மார்க்ஸ் ரயில் உறுதியான ரயில். எண்பது ஆண்டு கழித்து மச்சிலிருந்து இறக்கி, எண்ணெய் விட்டு, துருவைத் துடைத்தால் பல என்ஜின்கள் இன்றும் ஓடுகின்றன.

1942-ல் போர் வந்தது. அந்த ஆண்டு நடுவிலிருந்து உலோகப் பொம்மைகள் செய்வதை அரசு நிறுத்திவைத்தது. ஆலைகள் போர்ச் சாமான்கள் செய்தன. போர் முடிந்ததும் பிறந்த பெருந்தலைமுறைக்கு மார்க்ஸ் தயாராக இருந்தார். 1950-களில் உலகிலேயே மிகப் பெரிய பொம்மைக் கம்பெனி அவருடையதுதான். ஈரி, ஜிரார்டு, மேற்கு வர்ஜீனியாவின் கிளென் டேல் என்று அமெரிக்காவில் மூன்று ஆலைகள். பிரிட்டனில் ஸ்வான்சீயில் ஒன்று. ஜப்பானில் ‘லைன்மார்’ என்ற துணைக் கம்பெனி. 1955 டிசம்பர் 12-ஆம் தேதி டைம் இதழ் அவரை அட்டையில் போட்டது. ஐசனோவர் போன்ற தளபதிகள் அவருக்கு நண்பர்கள். டுவைட், பிராட்லி, மார்ஷல், பெடல் என்று தன் மகன்களுக்கே அவர்களின் பெயர்களை வைத்தார். (அவருடைய மகள் பாட்ரிசியா 1970-ல் மணந்தவர், மறு ஆண்டு பென்டகன் ஆவணங்களை வெளியிட்டு அமெரிக்க அரசை உலுக்கிய டேனியல் எல்ஸ்பெர்க். அது தனித் தொடருக்கான கதை.)

டைம் கட்டுரையில் ஒரு தொகை வருகிறது: 312 டாலர். உலகின் பெரிய பொம்மைக் கம்பெனியின் ஓராண்டு விளம்பரச் செலவு அவ்வளவுதான். எப்படி முடிந்தது? மார்க்ஸ் பொதுமக்களுக்கு விற்கவே இல்லை. சியர்ஸ், மான்ட்கோமரி வார்டு, வுல்வொர்த் போன்ற சில பெரிய கடைக்காரர்களுக்கு விற்றார். அவர்கள் கேட்ட விலைக்குள் அடங்கும்படி ஒரு செட்டைச் சேர்த்துக் கட்டிக்கொடுப்பார். இரண்டு பெட்டியைக் குறைத்து ஒரு பாலத்தைச் சேர்க்க வேண்டுமா, சேர்க்கலாம். கடையின் சொந்தப் பெயரில் வேண்டுமா, அதுவும் சரி: சியர்ஸின் ‘ஆல்ஸ்டேட்’ பெயரில் மார்க்ஸ் ரயில்கள் போயின. லட்சக்கணக்கில் ஆர்டர் முன்கூட்டியே கையில் இருக்கும்போது விளம்பரம் எதற்கு? லயனலைப் போல வீட்டுக்கு அனுப்பும் கேட்லாக் எதற்கு? ஊர் ஊருக்கு முகவர்களும், ரிப்பேர் செய்யும் அங்கீகரித்த சர்வீஸ் நிலையங்களும் எதற்கு? அந்தச் செலவையெல்லாம் விலையில் கழித்துவிட்டார்.

இந்த இடத்தைக் கவனமாகப் படியுங்கள். மார்க்ஸை உயர்த்திய இந்த ஏற்பாடுதான் பின்னாளில் அவர் ரயிலைக் கைவிட்டது. லயனல் வாங்கிய குடும்பம் அடுத்த ஆண்டும் கேட்லாக்கைப் புரட்டும், ஒரு சிக்னலோ சரக்குப் பெட்டியோ வாங்கும், என்ஜின் பழுதானால் சர்வீஸ் நிலையத்துக்குப் போகும். பையன் வளர்ந்து தகப்பன் ஆனாலும் அந்தப் பெயரோடு அவனுக்கு உறவு இருக்கும். மார்க்ஸ் செட் வாங்கிய குடும்பத்துக்கு அந்தக் கம்பெனியோடு அப்படிப்பட்ட உறவு இல்லை. பல வீடுகளில் அது மார்க்ஸ் ரயில் என்பதுகூடத் தெரியாது; சியர்ஸ் ரயில் என்றே நினைத்தார்கள். வாங்குவது ஒருமுறை, அத்தோடு சரி. ஒவ்வோர் ஆண்டும் புதிதாக ஒரு தலைமுறைப் பெற்றோர் வந்து வாங்கினால்தான் ஆலை ஓடும்.

நம் ஊர்த் தெருமுனை இட்லிக் கடையின் கணக்குத்தான் இது. ஐந்து ரூபாய்க்கு இட்லி போடும் பாட்டி ஆயிரம் இட்லி விற்றால் வாழ்வார். அறுநூறு விற்றால் மாவுக் காசுகூட மிஞ்சாது. அறுபது ரூபாய்க்கு விற்கும் ஓட்டலோ பாதிக் கூட்டம் போனாலும் பத்தாண்டு தள்ளும்.

மலிவுச் சந்தையை யார் வேண்டுமானாலும் பிடித்துவிடலாம் என்று நினைப்பவர்கள் லயனலின் ‘ஸ்கவுட்’ கதையைத் தெரிந்துகொள்ள வேண்டும். 1948-ல் மார்க்ஸோடு விலையில் மோதுவதற்காக லயனல் இறக்கிய சிக்கன வரிசை அது. அதன் மோட்டாரைப் பிரித்துப் பழுதுபார்ப்பது பெரும்பாடு. அதன் கொக்கி லயனலின் மற்றப் பெட்டிகளோடு சேராது. தரத்துக்குப் பேர்பெற்ற கம்பெனி செலவைக் குறைக்கப்போய், வாடிக்கையாளர் தன்னிடம் எதை நம்பி வந்தாரோ அதையே குறைத்துவிட்டது. ஸ்கவுட் எடுபடவில்லை. மலிவாகச் செய்வது தனி வித்தை. மார்க்ஸுக்கு அது கைவந்திருந்தது.

அப்படியானால் அவர் ரயிலுக்கு என்ன நேர்ந்தது?

முதல் அடி வெளியே விழுந்தது. குழந்தைகள் நிஜ ரயிலை மறந்தார்கள். 1956-ல் அமெரிக்க அரசு நாடு தழுவிய நெடுஞ்சாலைத் திட்டத்துக்குச் சட்டம் இயற்றியது. குடும்பங்கள் காரில் ஏறின, வசதியுள்ளவர் விமானத்தில் பறந்தார். பயணிகள் ரயிலை நடத்த முடியாமல் தனியார் ரயில்வேக்கள் ஒதுங்கியதால் 1971 மே மாதம் அரசே ஆம்ட்ராக்கைத் தொடங்க வேண்டி வந்தது. நீராவி என்ஜினை நேரில் பார்த்தே இராத பிள்ளைக்கு, பார்த்துப் பழகிய தோற்றம் என்ற மார்க்ஸின் முதல் குணம் எங்கே கிடைக்கும்? 1950-களின் பிற்பாதியிலிருந்து ராக்கெட்டும், 1960-களில் தண்டவாளம் போன்ற பள்ளத்தில் பாயும் பந்தயக் கார்களும் ரயிலின் இடத்தைப் பிடித்தன. அமெரிக்கன் ஃபிளையர் ரயிலைச் செய்த கில்பர்ட் கம்பெனி 1967-ல் மூடியது. லயனலும் நஷ்டத்தில் தத்தளித்தது. இதில் மார்க்ஸ் மட்டும் தனியாக அடிவாங்கவில்லை.

இரண்டாவது அடி, ரயிலுக்குள்ளிருந்தே வந்தது. மார்க்ஸின் அகலத்தில் பாதிதான் இருக்கும் ஹெச்ஓ ரயில்கள், 16.5 மில்லிமீட்டர் தண்டவாளம். டைகோ, லைஃப்-லைக் போன்ற கம்பெனிகள் அவற்றைப் பெட்டியைத் திறந்ததும் ஓட்டும்படி முழுச் செட்டாக விற்றன. பாதி அளவு என்றால் பிளாஸ்டிக் மிகக் குறைவு, உலோகம் குறைவு, அட்டைப்பெட்டி சிறிது, கடையின் அலமாரியில் இடம் மிச்சம். வேலையும் ஹாங்காங், யூகோஸ்லாவியா போன்ற கூலி குறைந்த நாடுகளில் நடந்தது. கூடவே, அது பொம்மையாக இல்லாமல் நிஜ ரயிலின் அளவுக்கேற்ற மாதிரியாக இருந்ததால் பெரியவர்களுக்கும் பிடித்தது. மலிவில் மார்க்ஸை மிஞ்சிய சரக்கு முதல்முறையாகச் சந்தைக்கு வந்தது. மார்க்ஸும் ஹெச்ஓ செய்து பார்த்தது. ஆனால் அந்த அளவில் அதனிடம் பழைய டை இல்லை, பழைய அனுகூலமும் இல்லை. எல்லோரையும்போல அதுவும் ஒரு புதுக்கடை.

தகரமும் மெல்ல விலகியது. 1950-களில் வந்த 400 எண் பிளாஸ்டிக் என்ஜின், கடைசிவரை மலிவுச் செட்களை இழுத்த உழைப்பாளி. அதை நான் குறைசொல்ல மாட்டேன். ஆனால் பெட்டிகள் பிளாஸ்டிக்காகி, அச்சடித்த வண்ணங்கள் போய், ஒற்றை நிறத்தில் ஒரு வரி எழுத்தோடு வரத் தொடங்கியபோது, மார்க்ஸ் ரயிலை மார்க்ஸ் ரயிலாக ஆக்கிய அழகு போய்விட்டது. லித்தோ தகரத்தில் அவரை மிஞ்ச ஆளில்லை. பிளாஸ்டிக்கில் எல்லோரும் ஒன்று.

கடைவீதியும் மாறியது. 1962-ல் கேமார்ட், வால்மார்ட், டார்கெட் மூன்றும் ஒரே ஆண்டில் பிறந்தன. தள்ளுபடிக் கடைகள் பெருகியதும் எல்லாக் கம்பெனிகளின் சரக்கும் ஒரே அலமாரியில், நெருங்கிய விலையில் வந்து நின்றது. தாய் தகப்பனை அந்த அலமாரிவரை இழுத்துவந்தது தொலைக்காட்சி. மேட்டல் கம்பெனி 1955-ல் ‘மிக்கி மவுஸ் கிளப்’ நிகழ்ச்சிக்கு விளம்பரம் கொடுத்ததிலிருந்து, குழந்தையே பொம்மையின் பெயரைச் சொல்லிக் கேட்கும் காலம் தொடங்கிவிட்டது. 312 டாலரில் ஆண்டை ஓட்டிய மார்க்ஸும் தொலைக்காட்சிக்குப் போக வேண்டியதாயிற்று. அந்தச் செலவை ஒரு ரயில் செட்டின் சொற்ப லாபத்தில் ஏற்ற முடியாது. வேறு பொம்மையில் ஏற்றலாம். 1969-ல் மார்க்ஸ் கொண்டுவந்த ‘பிக் வீல்’ என்ற தாழ்வான பிளாஸ்டிக் மூன்று சக்கர வண்டி அப்படிப்பட்டது. மோட்டார் இல்லை, கம்பிச் சுருள் இல்லை, தண்டவாளமோ டிரான்ஸ்ஃபார்மரோ இல்லை. சில பிளாஸ்டிக் துண்டுகள்தான். நாடெங்கும் குழந்தைகள் அதில் ஏறித் தெருவை அதிரவைத்தார்கள். ஒரே கூரையின் கீழ் இந்த இரண்டு சரக்கையும் செய்யும் ஆலையில், அடுத்த ஆண்டுக்கான பணத்தை எதில் போடுவார்கள்? அதே 1969-ல் குழந்தைகள் பாதுகாப்புக்கும் பொம்மைப் பாதுகாப்புக்கும் சட்டம் வந்தது. மின்சாரத்தில் ஓடும் பொம்மைகளுக்குத் தனி விதிகள் தொடர்ந்தன. தேவையான சட்டம்தான். ஆனால் சோதனைச் செலவு எல்லாச் செட்டுக்கும் ஏறக்குறைய ஒன்றே; விலை குறைந்த செட்டைத்தான் அது அதிகம் அழுத்தும்.

இத்தனைக்கும் பிறகும் ரயில் ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஏனென்றால் லூயிஸ் மார்க்ஸ் இருந்தார். அவருடைய கணக்கில் அந்த டைகள் எப்போதோ விலை கழிந்தவை. ஆண்டுக்கு ஒரு தொகுதி அடித்து சியர்ஸுக்கு அனுப்பினால் வருவது வரட்டும். ஜிரார்டில் ஆட்களுக்கு வேலை நடக்கும். 1972-ல், எழுபத்தைந்து வயதைத் தாண்டிய அவர், கம்பெனியை 5 கோடி டாலருக்கு மேல் விலைக்கு விற்றார். வாங்கியது குவேக்கர் ஓட்ஸ். நம் கடைகளில் இன்று கஞ்சிக்காக வாங்குகிறோமே, அதே குவேக்கர்.

இங்கே கதையில் ஓர் ஒப்பீடு தானாகவே அமைந்திருக்கிறது. லயனல் ரயிலைச் செய்யும் உரிமையை 1969-ல் பெற்றது ஜெனரல் மில்ஸ், அதுவும் காலை உணவுத் தானியம் விற்கும் கம்பெனி. தானியக் கம்பெனிகள் இரண்டு, மூன்றாண்டு இடைவெளியில், பெயர்பெற்ற இரண்டு ரயில்களை எடுத்துக்கொண்டன. ஒன்று பிழைத்தது, மற்றது பிழைக்கவில்லை. ஜெனரல் மில்ஸ் நிர்வாகிகள் கெட்டிக்காரர்கள், குவேக்கர்காரர்கள் இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். லயனலுக்கு அதற்குள் வேறு வாடிக்கையாளர் வந்துவிட்டார்கள். 1950-களில் லயனலோடு விளையாடிய பையன்கள் சம்பாதிக்கத் தொடங்கியிருந்தார்கள்; அன்று கிடைக்காததை இன்று வாங்கத் துடித்தார்கள். விலையைக் கூட்டி, எண்ணிக்கையைக் குறைத்து, பெரியவர்களுக்கான பொருளாக லயனலால் சுருங்க முடிந்தது. மார்க்ஸ் ரயிலால் சுருங்க முடியாது. அதன் பிழைப்பே எண்ணிக்கையில் இருந்தது.

குவேக்கரிடம் ஏற்கெனவே ஃபிஷர்-பிரைஸ் இருந்தது, 1969-ல் வாங்கியது. சின்னக் குழந்தைகளுக்கான பொம்மைகள். பிறந்தநாள் இல்லாத நாளே கிடையாது என்பதால் ஆண்டு முழுக்க விற்பவை. இரண்டையும் ஒரே நுகத்தில் பூட்டலாம் என்று நினைத்தார்கள். மார்க்ஸின் சரக்கோ கிறிஸ்துமஸை நம்பியது. ஆண்டின் பெரும்பகுதி கிட்டங்கியில் பணம் முடங்கும், கடைசி சில வாரங்களில் எல்லாம் போயாக வேண்டும். 1973-ல் எண்ணெய் நெருக்கடி வந்து பிளாஸ்டிக் மூலப்பொருளின் விலை ஏறியது. சில காசு மிச்சம் பிடித்து வாழ்ந்த சரக்கில் சில காசு செலவு கூடினால் என்ன மிஞ்சும்? பெரிய கம்பெனியின் கணக்குப் புத்தகத்தில் ஆலை வாடகை, தலைமை அலுவலகச் செலவு, முதலீட்டுக்கான வட்டி என்று ஒவ்வொரு சரக்கின் தலையிலும் ஒரு பங்கு ஏறும். விலை கழிந்த டை என்ற சொல்லுக்கு அங்கே மதிப்பில்லை. ஒரு கிழவர் தன் மனக்கணக்கில் லாபம் என்று வைத்திருந்தது, காகிதத்தில் நஷ்டமாகத் தெரிந்தது.

1975-ன் இறுதியில் ஈரி, ஜிரார்டு இரண்டு ஆலைகளையும் குவேக்கர் மூடியது. ஜிரார்டு போன்ற சிற்றூரில் அதன் பொருள் என்ன என்பதை, மில் மூடிய ஊர்களைப் பார்த்த நமக்கு விளக்க வேண்டியதில்லை. தாயும் மகளும் ஒரே ஆலையில் பெட்டி மடக்கிய ஊர் அது. ரயிலின் கதையும் அந்த மூடலோடு முடிந்தது. ‘மார்க்ஸ் ரயில் இனி வராது’ என்று அறிவிப்பு ஒன்றும் தேவைப்படவில்லை. கேட்லாக் இல்லாத சரக்கு. அடுத்த கிறிஸ்துமஸுக்கு அலமாரியில் இல்லை, அவ்வளவுதான்.

மிச்சக் கதை விரைவாக நடந்தது. 1976 தொடக்கத்தில் குவேக்கர் மார்க்ஸைக் கைகழுவியது. கிடைத்தது 1.5 கோடி டாலர், கொடுத்ததில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. வாங்கியது பிரிட்டனின் டன்பீ-காம்பெக்ஸ்-மார்க்ஸ். ஸ்வான்சீயிலிருந்த மார்க்ஸின் பிரிட்டிஷ் கிளையை 1967-லேயே எடுத்துக்கொண்ட குழுமம். இதே குழுமத்திடம் அப்போது இன்னொரு ரயிலும் இருந்தது: லைன்ஸ் பிரதர்ஸ் என்ற பிரிட்டிஷ் பொம்மைக் கம்பெனி 1971-ல் நொடித்தபின், மறு ஆண்டு அதனிடமிருந்து வாங்கிய ஹார்ன்பி. 1980 பிப்ரவரியில் டன்பீ-காம்பெக்ஸ்-மார்க்ஸ் திவாலானது. ஒரே வீட்டின் இடிபாட்டிலிருந்து இரண்டும் வெளியே வர வேண்டும். ஹார்ன்பியை அதன் நிர்வாகிகளே பணம் திரட்டி 1981-ல் மீட்டுத் தனிக் கம்பெனியாக்கினார்கள். மார்கேட் ஊரிலிருந்த அதன் ஆலை ஓடிக்கொண்டிருந்தது, கேட்லாக் இருந்தது, அதற்குக் காத்திருக்கும் பெரியவர்கள் இருந்தார்கள், கடன் கொடுத்தவருக்குக் காட்ட ஓர் எதிர்காலம் இருந்தது. மார்க்ஸில் மிஞ்சியிருந்த கிளென் டேல் ஆலை 1980-ல் மூடப்பட்டது. இரண்டாண்டு கழித்து, 1982 பிப்ரவரியில், லூயிஸ் மார்க்ஸ் எண்பத்தைந்து வயதில் காலமானார். பொம்மைத் தொழிலின் ஹென்றி ஃபோர்டு என்று அத்தொழிலின் புகழ் மண்டபம் பிறகு அவரைக் கௌரவித்தது.

1990-களில் ஒரு சிறு கம்பெனி மார்க்ஸ் பெயரில் லித்தோ தகரப் பெட்டிகளை மறுபடி செய்து பார்த்தது. அழகான வேலை. வாங்கியவர்கள் நரைத்த தலைகள். விலையும் அவர்களுக்கானது, எண்ணிக்கையும் சொற்பம். பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் அதுவும் நின்றது. கிளென் டேலுக்குப் பக்கத்து ஊரான மவுண்ட்ஸ்வில்லில் 2001-ல் திறந்த மார்க்ஸ் பொம்மை அருங்காட்சியகம் 2016-ல் மூடப்பட்டது. பழைய மார்க்ஸ் செட்கள் இன்றும் ஏலத்துக்கு வருகின்றன. அரிய சிலவற்றைத் தவிர லயனலோடு ஒப்பிட்டால் குறைந்த விலைக்கே போகின்றன. அவ்வளவு செய்திருக்கிறார்கள், அவ்வளவு மிஞ்சியிருக்கின்றன.

அடுத்த வாரம் இத்தாலியின் விசென்சாவுக்குப் போகிறோம். அங்கே லீமா என்றொரு கம்பெனி, மார்க்ஸ் அமெரிக்காவில் செய்ததை ஹெச்ஓ அளவில் ஐரோப்பா முழுமைக்கும் செய்யப் பார்த்தது.